டிராகனுக்குப் பன்னிரண்டு அலமாரி

டேப் சார் மாடிப்படி ஏறி வந்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கத் தொடங்கிவிடும். எங்கள் புத்தகக் கடையின் மேலாளர் அவர். இடுப்பில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் தொங்கும், அதனால் அந்தப் பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் அதை ஒரு பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார். புத்தகம் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் எந்தப் புத்தகத்தின் நீளம், அகலம், கனத்தைக் கேட்டாலும் தூக்கத்திலும் சொல்வார்.

அன்றைக்கு அவர் நேராக என் பிரிவுக்கு வந்து, குனிந்து, அலமாரியின் அடியில் டேப்பை நீட்டினார்.

"என்ன சார் அளக்கறீங்க?"

"சும்மாதாம்மா."

"போன தடவையும் சும்மாதான் அளந்தீங்க. மறுநாள் காலையில வந்து பார்த்தா ரெண்டு அலமாரியைக் காணோம்."

அவர் நிமிராமலே பேசினார். "தலைமை அலுவலகத்துலேர்ந்து புது வரைபடம் வந்திருக்கு. அறிவியல் புனைகதைக்கு இனிமே ரெண்டு அலமாரி. மாயாஜாலத்துக்குப் பன்னிரண்டு."

முதல் மாடியில் கடைசிச் சுவர் முழுக்கப் பதினாலு அலமாரிகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது பாதிக்குப் பாதியாக இருந்தது. விண்கலங்கள் இந்தப் பக்கம், டிராகன்கள் அந்தப் பக்கம். பிறகு ஆறும் எட்டுமாக ஆனது. பிறகு நாலும் பத்தும். டிராகன்கள் ஒவ்வொரு முறையும் ஒரு அடி தள்ளி வந்து உட்கார்ந்தன, நான் ஒவ்வொரு முறையும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டேன்.

"இந்த ரெண்டாவது நிக்குமா சார்?"

"விற்பனை ஏறினா நிக்கும். இறங்கினா தனிப் பிரிவுக்கே அர்த்தம் இல்லைம்மா. போர்டை எடுத்துடுவாங்க. புத்தகமெல்லாம் பதிப்பாளருக்குத் திரும்பப் போயிடும். உங்களைக் கீழ பேனா, பசை விக்கிற இடத்துக்கு மாத்துவாங்க."

பேனா பசையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எழுதாத பேனாவைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களை நான் சமாளித்துவிடுவேன். ஆனால் அந்தப் புத்தகங்கள் திரும்பப் போய்விட்டால் மறுபடி வராது. ஒவ்வொன்றும் நான் தேடிப்பிடித்து, கெஞ்சி, மூன்று முறை நினைவூட்டல் அனுப்பி வரவழைத்தது. எங்கள் நகரத்தில் அறிவியல் புனைகதைக்கென்று தனியாக ஒரு போர்டு தொங்குகிற கடை இது ஒன்றுதான். இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வந்து, நின்று, ஒரு புத்தகத்தை எடுத்து, அதைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசி, வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? மூன்றாவது பஸ் ஏறுங்கள் என்றா?

பன்னிரண்டு அலமாரியை வாங்கிக்கொண்டவள் யார் என்று சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி. என் ஓரகத்தி. மாயாஜாலப் பிரிவு அவள் பொறுப்பு. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை அவள் ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை, எனக்கு அதுவே எரிச்சல். சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே சமையலறை, ஒரே ஃபிரிட்ஜ். அதிலும் அவளுக்கு மூன்று தட்டு, எனக்கு ஒன்று. அண்ணனும் தம்பியும் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தா போதும்" என்று உலக சமாதானம் பேசுவார்கள். காலையில் ஒன்றாகவே கிளம்பி ஒரே பஸ்ஸில் வந்து, மாடிப்படி ஏறியதும் அவள் இடப்பக்கம் போவாள், நான் வலப்பக்கம் போவேன்.

டேப் சார் போனதும் அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை குடுத்தான்?"

"ரெண்டு."

"ரெண்டா? நான் மூணாவது விடுவான்னு நினைச்சேன்."

"உங்களுக்குத்தானே அக்கா வருது. என்ன கவலை?"

அவள் என் அலமாரியின் மேல்தட்டில் சாய்ந்துகிடந்த ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். என் பொருளில் அவள் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது. மறுபடி சாய்த்து வைத்தேன்.

மாயாஜாலக் கதைகளோடு எனக்கு இருக்கிற தகராறை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். அவை குண்டு. ஒரு கிரகம் தோன்றி, அதில் உயிர் வந்து, அந்த உயிர் சண்டை போட்டு அழிவதை என் எழுத்தாளர்கள் இருநூறு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். மாயாஜாலத்தில் ஒரு இளவரசன் குதிரை மேல் ஏறவே ஒரு பாகம் ஆகும். குதிரை கிளம்ப இரண்டாம் பாகம். ஒன்பதாம் பாகத்தில் அவன் வந்து சேர்ந்த இடம் முதல் பாகத்தில் கிளம்பிய அதே அரண்மனை. அப்படிப்பட்ட வரிசை ஒன்று வந்தால் ஒரு தட்டு முழுசாகப் போய்விடும்.

போதாததற்கு அட்டையை முன்பக்கம் காட்டி நிறுத்தி வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. முதுகு காட்டி நிற்கிற புத்தகம் விரல் அளவு இடம்தான் கேட்கும். முகம் காட்டி நிற்பது ஐந்து புத்தகத்தின் இடத்தைச் சாப்பிடும். ஆனால் விற்பது அதுதான். இடம் இருக்கிறவனால்தான் முகம் காட்ட முடியும், முகம் காட்டினால்தான் விற்கும், விற்றால்தான் இடம் கிடைக்கும். இந்தக் கணக்கைத் தலைமை அலுவலகத்தில் யாரிடமாவது சொன்னால், "கம்ப்யூட்டர் அப்படித்தான் பிரிக்குது" என்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் யார் மேல் பழி போட்டார்களோ.

ஆனாலும் ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. என் புத்தகங்கள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. குவியல் குவியலாக இல்லை, இன்றைக்கு இது ஒன்று, நாளைக்கு அது ஒன்று. நானே கையில் எடுத்துக் கொடுக்கிறேன். ஓட்டை விழுந்த இடத்தில் நானே புதிதை வைக்கிறேன். மாதக் கடைசியில் அறிக்கை வந்தால் அறிவியல் புனைகதைக்கு எதிரே ஏதோ இரக்கப்பட்டுப் போட்ட மாதிரி ஒரு எண் இருக்கும்.

அந்த வாரம் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், என் பிரிவுக்குப் பழைய வாடிக்கையாளர். ஒரு விண்கலத்தில் காற்று வடிகட்டி பழுதாகி, நாலு பேர் சேர்ந்து அதைக் கழற்றி மாட்டுகிற நாவல் ஒன்றை எடுத்தார். நான் அவரோடு கூடவே பில் போடுகிற இடத்துக்கு இறங்கிப் போனேன். பில்லை வாங்கிப் பார்த்தேன். புத்தகத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதன் வகை அச்சாகியிருந்தது. மாயாஜாலம்.

மெக்கானிக்கும் பார்த்தார். அவருக்கு என்னைவிடக் கோபம். "இதுல என்னம்மா மாயாஜாலம்? ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு போட்டிருக்கான். நான் சரி பார்த்தேன், சரியா இருக்கு."

எனக்கு மண்டை காய்ந்தது. பில் போடுகிற பெண்ணிடம் என் பிரிவுப் புத்தகங்கள் இன்னும் நாலைந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கணினியில் காட்டச் சொன்னேன். மாயாஜாலம். மாயாஜாலம். மாயாஜாலம். செவ்வாயில் உருளைக்கிழங்கு விளைவிக்கிற கதையும் மாயாஜாலம். நான் விற்றதெல்லாம் என் ஓரகத்தியின் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து என் அலமாரியைப் பிடுங்கி அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள்.

சரக்கறை கட்டிடத்தின் பின்பக்கம். அங்கே பெட்டி அண்ணன் இருப்பார். வருகிற அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, கணினியில் வகை பதிகிறவர் அவர். ஒரு புத்தகம் கடைக்குள் என்ன சாதியாக நுழையப்போகிறது என்பது அவர் விரலில் இருக்கிறது.

"அண்ணே, இது என்ன வகை?"

"மாயாஜாலம்."

"அட்டையில விண்வெளி நிலையம் இருக்கு."

"இருக்கு."

"அப்புறம் எப்படிண்ணே மாயாஜாலம்?"

அவர் கையில் இருந்த பிளேடைக் கீழே வைத்தார். "அது வந்து... மூத்த மேடம், உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்."

"என் புத்தகத்துக்கு அவங்ககிட்ட எதுக்கு நான் கேக்கணும்?"

"இல்லம்மா, அவங்கதான் இப்படிப் போடச் சொல்லி..."

மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. இதைவிட என்ன தெரிய வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அந்த அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொள்ளாமல் இருந்தது அதிசயம். இத்தனை வருஷமாக ஒரே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்து, கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் மாத்துங்க அண்ணே. இப்பவே. என் அலமாரியில இருக்கிற ஒவ்வொண்ணையும்."

"ஒரு நாள் பொறுத்து..."

"பொறுக்கிறதுக்கு இல்லை. நான் படிக்கிறேன், நீங்க அடிங்க."

மதியம் முழுக்க நான் ஒவ்வொரு தலைப்பாகச் சொல்ல, அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாற்றினார். பழைய விற்பனையும் புத்தகத்தோடு சேர்ந்தே வகை மாறியது. ஓரகத்தியிடம் நான் மூச்சு விடவில்லை. சண்டை போடவில்லை, கேட்கவில்லை. அறிக்கை வரட்டும், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். வீட்டில் அவள் வழக்கம்போல ஃபிரிட்ஜில் என் தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டபோதுகூடச் சிரித்துக்கொண்டே விட்டேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அறிக்கை வந்தது. டேப் சார் அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தார்.

"என்னம்மா இது? உங்க பிரிவு ஒரே தாவா தாவியிருக்கு. மறுபடி ஆறு அலமாரி தரச் சொல்லியிருக்காங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல சார்."

ஆட்கள் வந்து பலகைகளை நகர்த்தினார்கள். ஒன்பது பாகக் குதிரைக்காரர்களை எல்லாம் கூடையில் அள்ளி இடப்பக்கம் தள்ளினார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அன்று நான் பாட்டு முணுமுணுத்தேன்.

ஓரகத்தி தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். அலமாரிகளைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் இத்தனை நாள் காத்திருந்த முகம் அதுதான், வெளிறிப்போயிருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி அதில் கோபம் இல்லை.

"வகையை மாத்திட்டியா?"

"மாத்தினேன். என் புத்தகத்துக்கு என் பேரைப் போட்டேன். தப்பா?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணு ரெண்டு உங்களுக்கு விட்டு வைக்கணுமா?"

அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பக்கத்தில் வாடிக்கையாளர் நின்றிருந்தார். மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை நான் அவளோடு பஸ்ஸில் வரவில்லை. ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன்.

அந்தச் சந்தோஷம் வாரக் கடைசி வரைக்கும் தாங்கவில்லை. டேப் சார் மறுபடி வந்தார், இம்முறை டேப் இல்லாமல், நீளமான ஒரு காகிதத்தோடு.

"இதெல்லாம் பெட்டியில கட்டணும்மா. நாளைக்கு வண்டி வருது."

நான் பார்த்தேன். என் ஆறு அலமாரியில் இருந்ததில் பெரும்பாலானவை அதில் இருந்தன.

"எதுக்கு சார்? விக்கிறதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மொத்தமாப் பார்த்தா விக்கிது. ஒவ்வொண்ணாப் பார்த்தா எப்பவோ ஒண்ணு போகுது. அறிவியல் புனைகதைக்கு மூணு மாசம்தான் தவணை. அதுக்குள்ள விக்காத புத்தகம் திரும்பப் போகணும். தலைமை அலுவலகத்து விதி."

"இத்தனை வருஷம் இருந்ததே சார்."

"இத்தனை வருஷம் அது மாயாஜாலமா இருந்ததும்மா. மாயாஜாலத்துக்கு ஒரு வருஷம் தவணை. அதுவும் கேட்டா நீட்டிப்பாங்க. ஒன்பது பாகம் வர்றவரைக்கும் காத்திருக்கணுமில்ல."

அவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னார். "அலமாரி உங்களுதுதான். போர்டும் இருக்கும். காலி இடத்துக்குப் பொம்மை அனுப்புறாங்க. ரிமோட் ராக்கெட்டு, உருட்டுற கிரகம், அந்த மாதிரி. நல்லா விக்கும், கவலைப்படாதீங்க."

ரிமோட் ராக்கெட். ஆறு அலமாரி நிறைய ரிமோட் ராக்கெட். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு பேட்டரி தனியாக வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம்.

சாப்பாட்டு அறையில் ஓரகத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே போய் நின்றேன்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"எது? மூணு மாசமா? தெரியும். பிரிவுத் தலைவர் கூட்டத்துல சொன்னாங்க. நீ அன்னைக்கு லீவு."

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு. அந்த வாரமே உன் அலமாரியில பாதி காலியாகியிருக்கும். பெட்டி அண்ணன்கிட்ட போய், உன் பெட்டியெல்லாம் மாயாஜாலம்னு போடச் சொன்னேன். இருக்கிறதையும் மாத்தச் சொன்னேன்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அதனால என் அலமாரி போச்சே அக்கா."

"அலமாரிதானே போச்சு? புத்தகம் இருந்துதில்ல. ரெண்டு அலமாரியில நெருக்கி வெச்சுக்கலாம், மீதியை என் பக்கம் பின்வரிசையில சொருகிக்கலாம்னு நினைச்சேன். எனக்கு எதுக்குப் பன்னிரண்டு? தூசு தட்டியே கை போகுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். "சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா? உன் புத்தகத்து மேல மாயாஜாலம்னு எழுத விட்டிருப்பியா? உன் வாய் சும்மா இருந்திருக்குமா? நேரா டேப் சார்கிட்ட போய், என் புத்தகத்துக்கு அறிவு இருக்கு, அவ புத்தகத்துக்கு வால்தான் இருக்குன்னு சொல்லியிருப்பே. வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்றே. எனக்குக் காது கேக்காதுன்னா நினைச்சே?"

நான் அதைச் சொல்வதுண்டு. சிரிப்பு வருகிற மாதிரி சொல்வேன், வாடிக்கையாளர்களும் சிரிப்பார்கள். பன்னிரண்டு அடி தள்ளி அவள் அதைக் கேட்டுக்கொண்டே தூசு தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தட்டிய கையோடு போய் என் புத்தகங்களைக் காப்பாற்றியும் இருக்கிறாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நல்லது செய்கிறவர்கள் சொல்லிவிட்டுச் செய்தால் என்ன கேடு? நான் யாரைத் திட்டுவது? என்னையா? அதற்கும் நேரம் இல்லை, நாளைக்கு வண்டி வருகிறது.

"இப்ப என்ன பண்றது?"

"பெட்டி கட்டு. இல்லேன்னா டேப் சார்கிட்ட போய்த் திரும்ப மாத்தச் சொல்லு."

"அவர் கேட்டா?"

"கேப்பார். நீதானே அன்னைக்குச் சட்டம் பேசினே."

டேப் சாரிடம் போனோம். வகையைத் தவறாக மாற்றிவிட்டேன், அவை மாயாஜாலம்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களே மாத்தி, நீங்களே இல்லைங்கறீங்க. சரி. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. எல்லாம் மாயாஜாலம்னா அப்புறம் அறிவியல் புனைகதைன்னு இங்க ஒண்ணும் இருக்காது. போர்டை எடுத்துடுவேன். நீங்க உங்க அக்கா பிரிவுல, அவங்களுக்குக் கீழ உதவியாளரா இருக்கணும். சம்மதமா?"

அவளுக்குக் கீழே. வீட்டில் ஒரு தட்டு, கடையில் அதுவும் இல்லை. நான் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தேன். வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம். அதன் கீழே ராக்கெட் பொம்மை விற்கலாம். பிரிவுத் தலைவர் என்ற பெயர் என்னோடே இருக்கும்.

"சம்மதம் சார்."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லுங்க. தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதணும். ஏன் மாத்தினே, ஏன் திரும்ப மாத்தினேன்னு என்னைக் குடைவாங்க."

அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஓரகத்தி ஒவ்வொரு புத்தகமாக எடுத்து நீட்டினாள். நான் சொல்லத் தொடங்கினேன்.

"இதுல ஒளியைவிட வேகமாப் போறாங்க சார்."

"போக முடியாதா?"

"முடியாது."

எழுதிக்கொண்டார். அப்படிப் போக ஏழெட்டு வழி இருக்கலாம் என்று நான் ஓரகத்தியோடு பஸ்ஸில் தொண்டை கிழிய வாதாடியிருக்கிறேன்.

"இது?"

"இறந்த காலத்துக்குப் போய் அவங்க அப்பாவைப் பார்க்கிறான்."

"சரி, மாயாஜாலம். இது?"

"செவ்வாய்ல உருளைக்கிழங்கு விளையுது."

"அது விளையுமே? பேப்பர்ல போட்டிருந்தான்."

"இவ்வளவு விளையாது சார்."

இவை நடக்கும், நடக்கலாம், நடக்காவிட்டாலும் நடக்கக்கூடிய விதத்தில் யோசித்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் நான் இவற்றை விற்றேன். இப்போது என் வாயாலேயே ஒவ்வொன்றையும் பொய் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி என் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததை எடுத்தாள். பேசும் இயந்திரம், பேசும் கடல், மனதைப் படிக்கிற ஒரு பெண். டேப் சார் சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டே போனார்.

கடைசியாக ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. தொலைதூர நிலா ஒன்றில் பனியைத் துளைக்கிற நிலையம், அதில் ஒரு கணவன், ஒரு மனைவி. அவ்வளவுதான் கதை. துளைக்கிறார்கள், அளக்கிறார்கள், ஒரு குழாய் உறைந்துபோகிறது, சரி செய்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் வெப்பநிலை வரைபடம்கூட இருக்கும். எனக்கு இந்த அலமாரியிலேயே மிகவும் பிடித்தது அதுதான். அதில் இன்றைக்கு நடக்க முடியாத காரியம் ஒன்றுகூட இல்லை.

டேப் சார் அதைப் புரட்டி வரைபடத்தில் நின்றார். "இது அறிவியல் மாதிரி இருக்கேம்மா."

ஒரு பொய் சொன்னால் போதும். ஒரு பேய் வருகிறது என்று சொன்னால்கூடப் போதும். அவர் படித்துப் பார்க்கப்போவதில்லை. வாய் வரவில்லை.

"என்னம்மா? இது திரும்பப் போகட்டுமா?"

"மாயாஜாலம்தான் சார்" என்றாள் ஓரகத்தி.

"எப்படிச் சொல்றீங்க? இதுல என்ன நடக்காதது நடக்குது?"

"வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுறார் சார். தினமும்."

டேப் சார் சற்று யோசித்தார். கல்யாணமானவர். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அந்த வரி பின்னட்டையில் கிடையாது. புத்தகத்தின் பாதிக்கு மேல், ஒரு பத்தியின் நடுவில் வருகிறது. முழுசாகப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் எப்போது படித்தாள், என்னிடம் ஏன் சொல்லவில்லை, இன்னும் எத்தனை படித்திருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அவள் அதற்குள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு தன் அலமாரிப் பக்கம் நடந்தாள். அதற்கும் எனக்கு அவள்மேல்தான் எரிச்சலாக இருந்தது.